அமைதியாக அமர்ந்து கேட்போம்

பிப்ரவரி 3, திங்கள்

தமிழ் மன்ற நிறைவு விழா அழைப்பிதழின் மெய்ப்பு வந்தது. மூன்று இடத்தில் ஒற்றெழுத்தை விட்டிருக்கிறார்கள். ‘சிறப்பு பேச்சாளர்’ என்று இருந்ததைச் ‘சிறப்புப் பேச்சாளர்’ ஆக்கினேன். அதற்குக் கீழே பேச்சாளரின் பெயரைப் படித்ததும் பேனாவை வைத்துவிட்டேன்.

சொற்கொண்டல் திருவேங்கடநாதன். தலைப்பு: ‘பெற்றோர் சொல் கேள்’.

போன வருடம் ஏதோ ஊரில் திருவிழா மேடையில், “சாதி விட்டுச் சாதி ஓடுற பொண்ண அப்பன் வெட்டாம மடியில வச்சுக் கொஞ்சுவானா?” என்று பேசிக் கைதட்டல் வாங்கியவர். அந்தக் காணொளி எல்லார் போனிலும் இருக்கிறது. நான் ஒருமுறைதான் பார்த்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு இதே கல்லூரியில் கணிதம் இரண்டாம் ஆண்டு படித்த பெண் ஒருத்தியை அவள் வீட்டார் அப்படித்தான் செய்தார்கள். அவள் பெயரைக் கல்லூரியில் யாரும் சொல்வதில்லை. நானும் சொல்வதில்லை.

துறைத்தலைவர் பாக்கியநாதன் ஐயாவிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தேன். “செயலர் போட்ட பேரும்மா. நாம ஒற்றுப் போடுறதோட நிறுத்திக்குவோம்” என்றார். நியாயம்தான். நான் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரோடு சரி. ஒவ்வொரு மே மாதமும் கல்லூரி நிர்வாகச் செயலர் வெளியிடும் பட்டியலில் என் பெயர் இருந்தால்தான் ஜூனில் எனக்கு வகுப்பு. பதினோரு வருடமாக இருந்து வருகிறது.

வரும் வழியில் உளுந்து வாங்க மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 5, புதன்

பேச்சாளரை எதிர்த்துக் கல்லூரி வாசலில் பிள்ளைகள் உட்கார்ந்துவிட்டார்கள். நாற்பது பேர் இருக்கும். முன்வரிசையில் எங்கள் துறை மூன்றாமாண்டு மாரீஸ்வரி. ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதும் ஒரே பெண் இந்தத் துறையில் அவள்தான். கையில் பிடித்திருந்த அட்டையிலும் பிழை இல்லை.

பக்கவாட்டு வாசல் வழியாகப் போகப் பார்த்தேன். அங்கேயும் வந்துவிட்டாள். தமிழ்த் துறையில் பிள்ளைகள் எங்களை அம்மா, ஐயா என்றுதான் கூப்பிடுவார்கள்.

“அம்மா, நீங்க என்ன நினைக்கிறீங்க?”

“அவர் பேசிட்டுப் போகட்டுமே மாரீஸ்வரி. பேச்சுரிமை அவருக்கும் உண்டுதானே.”

“பேசட்டும்மா. வர வேணாம்னு சிலர் சொல்றாங்க, நான் அப்படிச் சொல்லல. அவர் பேசுனா நாங்க பதில் பேசணும்ல? விழா நிரல்ல கேள்வி நேரமே இல்ல. நன்றியுரை, நாட்டுப்பண், அவ்வளவுதான் இருக்கு.”

சரியாகத்தான் சொல்கிறாள். நிரலைத் தட்டச்சுக்கு எழுதிக் கொடுத்தவள் நானே. வகுப்புக்கு நேரமாகிறது என்று நடையைக் கட்டினேன். வகுப்புக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

பிப்ரவரி 7, வெள்ளி

முதல்வர் அறைக்குக் கூப்பிட்டார்கள். வாசலில் மாரீஸ்வரியோடு பேசியதை யாரோ சொல்லிவிட்டார்கள் என்றே நினைத்தேன். அதுவல்ல.

“வடிவு மேடம், ஒரு லெட்டர் எழுதணும். உறுதிமொழிக் கடிதம். வாசல்ல உக்காந்த பிள்ளைக எல்லாம் அதுல கையெழுத்துப் போட்டாத்தான் ஹாலுக்குள்ள விடுவோம். போடலேன்னா பரீட்சை ஹால் டிக்கெட்ட நிறுத்திருவோம்.”

“என்ன எழுதணும் சார்?”

“கோஷம் போடக் கூடாது. போஸ்டர் பிடிக்கக் கூடாது. எந்திரிச்சு வெளிய போகக் கூடாது. அமைதியா உக்காந்து கேக்கணும். அம்புட்டுத்தான். உங்க தமிழ்ல நல்லா அழுத்தமா எழுதிக் குடுங்க.”

சரி என்றேன். வேறு என்ன சொல்வது. நாற்காலியில் உட்காரவும் சொல்லவில்லை, நானும் உட்காரவில்லை.

பிப்ரவரி 8, சனி

துணி துவைத்தேன். மாவு அரைத்தேன். கடிதம் எழுதினேன்.

முதல் மூன்று வரி தானாக வந்தது. “விழா அரங்கில் முழக்கமிட மாட்டோம். பதாகை பிடிக்க மாட்டோம். விழா முடியும்வரை வெளியேற மாட்டோம்.” கடைசி வரிதான் இழுத்தது. “சிறப்புப் பேச்சாளரின் உரையை அமைதியாக அமர்ந்து செவிமடுப்போம்” என்று முதலில் எழுதினேன். செவிமடுப்போம் என்பது பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கடினமான சொல். அடித்துவிட்டுக் கேட்போம் என்று போட்டேன். முதல்வரும் அந்தச் சொல்லைத்தான் சொன்னார். வாக்கியமும் நீளமாக இருந்தது, அதனால் ‘உரையை’ என்பதை எடுத்துவிட்டுப் ‘பேசும்போது’ என்று போட்டேன்.

“சிறப்புப் பேச்சாளர் பேசும்போது அமைதியாக அமர்ந்து கேட்போம்.”

இதுதான் எளிமையாக இருக்கிறது. கணவர் தனசேகர் பஸ் டிப்போவிலிருந்து சாப்பிட வந்தபோது படித்துக் காட்டினேன். நல்லாத்தானே இருக்கு, இதுக்கா காலையிலேர்ந்து உக்காந்திருக்க என்றார்.

பிப்ரவரி 10, திங்கள்

அலுவலகத் தட்டச்சர் குருசாமி அண்ணனிடம் காலையில் கடிதத்தைக் கொடுத்தேன். பதினொரு மணிக்குப் பிரதிகள் வந்தன. பிள்ளைகள் கையெழுத்துப் போட மாட்டார்கள், தகராறு பெரிதாகும், அதில் என் பெயரும் அடிபடும் என்று பயந்துகொண்டே இருந்தேன். மாரீஸ்வரி கடிதத்தை நின்றபடியே படித்தாள். கடைசி வரியை இரண்டாவது முறை படித்தாள். பக்கத்தில் இருந்த பெண்ணிடம் ஏதோ சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முப்பத்தேழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவரும் முரண்டு பிடிக்கவில்லை. முதல்வர் மிகவும் மகிழ்ந்துபோய் எனக்குத் தேநீர் சொன்னார்.

தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 13, வியாழன்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

அரங்கம் நிறைந்திருந்தது. முப்பத்தேழு பேரும் நடுவில் நான்கு வரிசையில் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். அட்டை இல்லை, கறுப்புத் துணி இல்லை. மேடையில் செயலர், முதல்வர், பேச்சாளர். நான் கீழே முதல் வரிசை ஓரத்தில், பொன்னாடைத் தட்டோடு.

திருவேங்கடநாதன் நன்றாகப் பேசுகிறார். அதைச் சொல்லத்தான் வேண்டும். பத்து நிமிடம் அரங்கமே சிரித்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, “பெத்தவங்க சொல்லைக் கேக்காத பொண்ணு கதை எங்க போயி முடியும்னு நான் சொல்லணுமா?” என்றார்.

மாரீஸ்வரி கையைத் தூக்கினாள். எழுந்திருக்கவில்லை.

“ஐயா, இந்தக் கல்லூரியில படிச்ச சுகப்பிரியா செஞ்ச தப்பு என்ன?”

சத்தமாகக் கூடச் சொல்லவில்லை. ஆனால் கடைசி வரிசைவரை கேட்டது. அந்தப் பெயர் இந்த வளாகத்தில் வெளியே வந்து இரண்டு வருடம் ஆகிறது.

பேச்சாளர் சிரித்தார். “கேள்வி கேக்குற பிள்ள எந்திரிச்சு நின்னு கேக்கணும்மா. அதுதான் மரியாதை.”

“அமைதியா உக்காந்துதான் கேப்போம்னு எழுதிக் குடுத்திருக்கோம் ஐயா. முதல்வர்கிட்ட கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கோம்.”

பிறகு அரங்கம் முழுக்கச் சிரிப்பு. மேடையில் முதல்வரின் முகம் மெல்லத் திரும்பியது. ஐந்நூறு பேரில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தது.

அடுத்து இரண்டாவது பெண் கையைத் தூக்கினாள். “ஐயா, சுகப்பிரியா செஞ்ச தப்பு என்ன?” பிறகு ஒரு பையன். அதே கேள்வி. பிறகு இன்னொருத்தி. ஒருவர் முடித்த பின்தான் அடுத்தவர். நடுவில் பேச்சாளர் பேசுவதற்கு இடம் விட்டார்கள். கடைசியில சொல்றேன் என்றார், அது வேற விஷயம் என்றார், உங்களை யாரு தூண்டிவிட்டது என்றார். கேள்விக்கு மட்டும் பதில் சொல்லவில்லை. பின்னாலிருந்து ஒரு வணிகவியல் பையன், “ஏய், அவரைப் பேச விடுங்கப்பா, நாங்க கேக்க வந்திருக்கோம்ல” என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. பதினொன்றாவது கேள்வியில் பேச்சாளர் ஒலிவாங்கியை மேசையில் வைத்துவிட்டு இறங்கினார். பொன்னாடைத் தட்டு என் கையிலேயே இருந்தது.

ஒன்றை இங்கே தெளிவாக எழுதி வைக்கிறேன். நான் இப்படி நடக்கும் என்று நினைத்து அந்தச் சொல்லைப் போடவில்லை. செவிமடுப்போம் கடினமான சொல். அவ்வளவுதான்.

பிப்ரவரி 14, வெள்ளி

மாரீஸ்வரி தற்காலிக நீக்கம். மற்ற முப்பத்தாறு பேருக்கும் பெற்றோரை அழைத்து வரச் சொல்லி ஓலை. விசாரணைக் குழு உட்காரப் போகிறது. எழுதிக் கொடுத்த உறுதிமொழியை மீறியது என்பதுதான் குற்றச்சாட்டு. உறுதியானால் மாரீஸ்வரிக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கடைசிப் பருவத் தேர்வுக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

அந்த வணிகவியல் பையனும் புகார் கொடுத்திருக்கிறான். “எனது கேட்கும் உரிமை பறிக்கப்பட்டது” என்று எழுதியிருக்கிறான். பிழை இல்லாத வாக்கியம்.

முதல்வர் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பிப்ரவரி 15, சனி

மாரீஸ்வரியை விசாரிக்கும்போது, இந்தக் கடிதத்தை யார் எழுதியது, ஏன் இப்படி எழுதினார் என்று கேட்பார்கள். அவள் என்ன சொல்வாள்? நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டதைச் சொல்வாளா? அதில் சொல்ல என்ன இருக்கிறது?

குழம்பில் உப்பை இரண்டு முறை போட்டுவிட்டேன். தனசேகர் தயிரை நிறைய ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார்.

பிப்ரவரி 17, திங்கள்

கையால் எழுதிய வரைவு அலுவலகக் கோப்பில் இருக்கிறது என்பது வகுப்பு நடுவில் திடீரென்று நினைவுக்கு வந்தது. சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் அப்படியே நின்றுவிட்டது. பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

அந்தத் தாளில் ‘உரையை’, ‘செவிமடுப்போம்’ இரண்டையும் நான் அடித்தது தெரியும். அதுவும் ஒரு கோடு அல்ல. எழுத்தே தெரியாதபடி அடித்திருக்கிறேன், ஆனால் வெளிச்சத்தில் பிடித்தால் தெரிந்துவிடும்.

மதிய இடைவேளையில் தட்டச்சர் அறைக்குப் போனேன். என்ன கேட்பது என்று தெரியாமல், “அண்ணே, கண்ணு ஆபரேஷன் எப்படி இருக்கு?” என்றேன்.

குருசாமி அண்ணன் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். “கோப்புல வைக்கல டீச்சர். தட்டச்சு முடிஞ்சா கையெழுத்துப் பிரதிய எழுதுனவங்ககிட்டயே குடுத்துர்றது என் வழக்கம்.” பிறகு தட்டச்சில் மூழ்கிவிட்டார். அப்படி ஒரு வழக்கம் அவருக்கு இருந்ததாகப் பதினோரு வருடத்தில் நான் கேள்விப்பட்டதில்லை.

வீட்டுக்கு வந்து பால் காய்ச்சும்போது அந்தத் தாளை அடுப்பில் காட்டினேன். சாம்பலை நீர் விட்டுக் கழுவினேன். இனி யாரும் என்னை ஒன்றும் செய்ய முடியாது.

பிப்ரவரி 18, செவ்வாய்

நடைபாதையில் கையெழுத்துப் போட்ட பிள்ளைகள் நான்கைந்து பேர் எதிரே வந்தார்கள். நூலகத்துக்குள் நுழைந்துவிட்டேன். அங்கே எனக்கு எந்த வேலையும் இல்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

கல்லூரி வாசலில் மாரீஸ்வரியின் அம்மா நின்றிருந்தார். திராட்சைத் தோட்ட வேலைக்குப் போகிறவர். வேலைச் சேலையோடு, மேலே ஆண்சட்டை போட்டபடியே வந்திருந்தார். பெரியகுளம் பஸ்ஸைப் பிடிக்க நான் விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தேன்.

“டீச்சரம்மா, நீங்கதான வடிவு அம்மா? எம் மக வீட்டுல எப்பவும் உங்க பேச்சுத்தான்.”

நின்றேன்.

“எம் மக தப்பா எதுவும் பேசிப்புட்டாளா? ஆபீசுல கேட்டா, உறுதிமொழிய மீறிட்டாங்கறாக. அது என்னன்னு எனக்கு வெளங்கல. எழுதிக் குடுத்தத மீறுற பிள்ள இல்ல டீச்சர் அவ.”

“மீறல” என்றேன். சொன்ன பிறகு அக்கம்பக்கம் பார்த்தேன்.

“அப்ப நீங்க உள்ள சொல்லுவீகள்ல?”

பஸ் வந்துவிட்டது. போகிறேன் என்று கைகாட்டிவிட்டு ஏறினேன். அந்த அம்மா பஸ் கிளம்பும்வரை நிற்பது தெரிந்தது. நான் எதிர்ப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டேன். என்மீதே எனக்கு வெறுப்பாக இருந்தது.

பிப்ரவரி 24, திங்கள்

கடிதம் வந்தது. இருபத்தேழாம் தேதி விசாரணைக் குழு முன் ‘மொழி வல்லுநர்’ என்ற முறையில் நான் ஆஜராக வேண்டும். கேட்போம் என்ற சொல்லின் பொருளை விளக்க வேண்டும். பதினோரு வருடத்தில் முதல் முறையாக என்னை வல்லுநர் என்கிறார்கள்.

பாக்கியநாதன் ஐயா கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

“முதல்வர் உங்க மேல கோபமா இல்லம்மா. நீங்க வெள்ளந்தியா எழுதிட்டீங்க, பிள்ளைக அதைத் திரிச்சிருச்சுகன்னுதான் சொல்றார். நீங்க போயி, கேட்டல்னா காதால கேட்டல், அந்தப் பொருள்லதான் எழுதுனேன்னு ஒத்த வரி சொன்னாப் போதும். மே மாசப் பட்டியல் என் மேசைக்குத்தான் மொதல்ல வருது. புரியுதுல்ல?”

“அந்தப் பொண்ணு ஐயா?”

“அவ வேற கல்லூரியில சேர்ந்துக்குவா. சின்ன வயசு. நமக்கு இந்த வயசுல வேற எங்க போறது?”

நமக்கு என்றார். அவர் நிரந்தரப் பணியில் இருப்பவர்.

பிப்ரவரி 26, புதன்

நாளை விசாரணை. இன்று விடுப்புப் போட்டேன். காலையிலிருந்து வீட்டைக் கூட்டி, பாத்திரத்தை எல்லாம் எடுத்து மறுபடி துலக்கினேன்.

தனசேகரிடம் சொன்னேன். எல்லாவற்றையும் அல்ல. “உனக்கு எதுக்கு இந்த வம்பு? காதுல கேக்குறதுதான்னு சொல்லிட்டு வந்துரு. நீ என்ன பொய்யா சொல்ற?” என்றார். நான் பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே இருந்தேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “நீ பொய்யா சொல்ற?” என்று மறுபடியும் கேட்டார். இந்த முறை வேறு மாதிரி.

இதை எங்கும் எழுதியதில்லை. இன்று எழுதுகிறேன்.

அந்த வருடம் கணிதம் இரண்டாம் ஆண்டுக்கு, எல்லாத் துறைக்கும் பொதுவான பகுதி ஒன்று தமிழ்ப் பாடத்தை நான்தான் எடுத்தேன். மூன்றாவது வரிசையில் சுகப்பிரியா. கையெழுத்து சாய்ந்து சாய்ந்து இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, எல்லாரும் போன பிறகு என் மேசைக்கு வந்தாள். “அம்மா, ரெண்டு நாள் உங்க வீட்டுல இருந்துக்கட்டுமா?” என்றாள். ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் சொல்லியிருப்பாள், சொன்னால் நான் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும். எனக்கு அது தெரிந்தது. “வீட்டுல அப்பா அம்மாகிட்ட மனசு விட்டுப் பேசும்மா. திங்கக்கிழமை பாப்போம்” என்றேன். சரிங்கம்மா என்றாள். விடைத்தாள் கட்டு ஒன்றை மேசையிலிருந்து அலமாரிக்கு எடுத்து வைத்து உதவிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை அவளுக்காகக் கல்லூரி விடுமுறை விட்டார்கள். உடல்நலக் குறைவு என்று அறிவிப்பு ஒட்டினார்கள். அந்த அறிவிப்பையும் என்னிடம்தான் பிழை பார்க்கக் கொடுத்தார்கள். பார்த்துக் கொடுத்தேன்.

பிப்ரவரி 27, வியாழன்

நீள மேசை. முதல்வர், நிர்வாகத்தின் சார்பில் ஒருவர், வெளியாளாக ஓய்வு பெற்ற தாசில்தார் ஒருவர். எதிரே மாரீஸ்வரி. நல்ல பாவாடை தாவணியில், எண்ணெய் வைத்துப் படியச் சீவி வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். முந்தைய அமர்வில் கடிதம் எழுதியவர் பற்றிக் கேட்டதற்கு, ‘எங்களுக்குப் புரிந்தபடி நடந்தோம், வேறு யாருக்கும் இதில் தொடர்பில்லை’ என்று சொன்னதாகக் குறிப்பில் இருந்தது.

“சொல்லுங்க மேடம். கேட்போம்னா என்ன பொருள்?” என்றார் முதல்வர்.

மேசையில் இருந்த கடிதத்தை ஒருமுறை படித்துக்கொண்டேன்.

“காதால் கேட்பது ஒன்று. வினவுவது ஒன்று. சொல் பேச்சுக் கேட்பது, அதாவது கீழ்ப்படிவது ஒன்று. மூன்றும் உண்டு சார். அந்த வாக்கியத்தில் எதைக் கேட்போம் என்று இல்லாததால் எப்படியும் கொள்ளலாம்.”

முதல்வர் முகம் கறுத்தது. “இலக்கணம் கேக்கல மேடம். நான் உங்ககிட்ட சொன்னது எந்தப் பொருள்ல?”

“நீங்க சொன்னது காதால் கேட்கும் பொருளில்தான் சார்.”

“அப்ப முடிஞ்சது” என்று முதல்வர் கோப்பை மூடப் போனார். தாசில்தார்தான் கையைக் காட்டி நிறுத்தினார். அதுவரை அவர் வாயே திறக்கவில்லை.

“ஒரு நிமிசம். இந்தம்மாதான எழுதுனது? எழுதுனவங்க என்ன நினைச்சு எழுதுனாங்கன்னு கேட்டு எழுதிக்கிட்டா குறிப்பு முழுசாகும். அம்மா, நீங்க எந்தப் பொருள்ல எழுதுனீங்க?”

பாக்கியநாதன் ஐயா சொன்ன ஒற்றை வரி நாக்கு நுனியில் இருந்தது. பொய் என்று நிரூபிக்க இந்த உலகத்தில் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. அதை நானே பார்த்துக்கொண்டேன். மாரீஸ்வரி இப்போது நிமிர்ந்து என்னையே பார்த்தாள். லேசாகத் தலையை ஆட்டினாள். ஆம் என்பதற்கு ஆட்டுவது போல் அல்ல, வேண்டாம் என்பதற்கு ஆட்டுவது போல்.

“கேள்வி கேட்கும் பொருளில் எழுதினேன்” என்றேன்.

“தெரிஞ்சேவா?”

“தெரிஞ்சேதான். பிள்ளைகள் கேட்கட்டும் என்று நினைத்துத்தான் எழுதினேன். அவர்கள் எதையும் திரிக்கவில்லை. எழுதிக் கொடுத்ததை எழுத்துப் பிசகாமல் செய்தார்கள். எழுந்திருக்கக்கூட இல்லை.”

நிர்வாகத்தின் ஆள் வேகவேகமாக ஏதோ எழுதினார். முதல்வர் என்னைப் பார்க்கவில்லை. வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவினேன். கழுவிக் கழுவி முன்தானை நனைந்துவிட்டது. தைரியம் வந்துவிட்டது என்றெல்லாம் எழுத மாட்டேன். முன்னைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

மார்ச் 3, திங்கள்

முடிவு வந்துவிட்டது. உறுதிமொழி வாசகம் இருபொருள்படும்படி இருந்ததால் மீறல் நிரூபணமாகவில்லை. மாரீஸ்வரிக்குக் கண்டிப்பு மட்டும். தேர்வு எழுதலாம். எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம். பட்டியலைப் பற்றிப் பாக்கியநாதன் ஐயா, “மே மாசத்துல ஏதும் எதிர்பார்க்காதீங்கம்மா” என்றார். தனசேகரிடம் போனில் சொன்னேன். “சரி, வா. பாத்துக்கிறலாம்” என்றார்.

மூன்றாவது மணி நேரத்தில் மாரீஸ்வரி வந்தாள். துறையில் வேறு யாரும் இல்லை.

“நீங்க சொல்லியிருக்க வேணாம்மா. நாங்க சமாளிச்சிருப்போம்.”

“நான் எழுதியதுக்கு நீ ஏன் சமாளிக்கணும்? நானே வேணும்னு எழுதினேன்னு உனக்கே அன்னைக்குத்தானே தெரியும்.”

அவள் விழித்தாள். “என்னம்மா சொல்றீங்க? கடிதத்தப் படிச்ச அன்னைக்கே தெரியும். முப்பத்தேழு பேருக்கும் தெரியும்.”

“எப்படி?”

“மூணு வருசமா உங்ககிட்ட படிக்கிறோம். செயப்படுபொருள் இல்லாம ஒரு வாக்கியம் எழுதுனா விடைத்தாளைத் தூக்கி எறிவீங்க. நீங்க சும்மாவா அப்படி எழுதியிருப்பீங்க? அம்மா நம்ம பக்கம் இருக்காங்கன்னு பேசிக்கிட்டோம். அதனாலதான் கையெழுத்தே போட்டோம். இல்லேன்னா ஹால் டிக்கெட் போனாலும் போட்டிருக்க மாட்டோம்.”

கையிலிருந்த பேனாவை மூடி வைத்தேன்.

“அதை ஏன் விசாரணையில் சொல்லல?”

கொஞ்சம் தயங்கினாள். “நீங்க பயந்துபோயிருந்தீங்கம்மா. எங்களப் பாத்தா நூலகத்துக்குள்ள போயிருவீங்க. பாவமா இருந்துச்சு. அதான் யாரும் உங்க பேரச் சொல்லக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டோம்.”

பதினான்கு நாள் நான் இந்தப் பிள்ளைகளுக்குப் பயந்து ஒளிந்தேன். பதினான்கு நாளும் என்னை இவர்கள்தான் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். வெட்கமாக இருந்தது. அதைவிட வேறு சொல் தெரியவில்லை.

“உனக்குப் பயமா இல்லையா மாரீஸ்வரி?” என்றேன்.

இவ்வளவு நேரம் திடமாகப் பேசிய பெண்ணுக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது.

“ரொம்பப் பயம்மா. ராத்திரி எல்லாம் தூங்கவே இல்ல. யார்கிட்டயும் சொல்லல.” மூக்கை உறிஞ்சினாள். “யாரும் கேக்கலம்மா.”

நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னேன். கதவைத் திறந்தே வைத்தேன். அடுத்த வகுப்புக்கு மணி அடித்தது. நான் போகவில்லை.